திருப்பதி முடி நியூயார்க்கில் எரிந்தது!

2004-ஆம் ஆண்டு மே மாதம்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரம். அங்கே புரூக்ளின் என்று ஒரு பகுதி இருக்கிறது. யூதர்கள் நிறையப் பேர் வாழும் இடம்.

அங்கே தெருவில் தீ மூட்டினார்கள். கூட்டம் கூடியது. வீடுகளில் இருந்து கொண்டு வந்த பொருளை ஒவ்வொருவராகத் தீயில் போட்டார்கள்.

போட்டது குப்பை அல்ல. பழைய துணியும் அல்ல. பெண்கள் தலையில் வைத்துக்கொள்ளும் "விக்" என்ற பொய் முடி! நம் ஊரில் அதை "டோப்பா" என்று சொல்லுகிறோம்.

நல்ல "விக்" ஒன்றின் விலை 2 ஆயிரம் டாலர் வரை இருக்கும். அன்றைய கணக்குப்படி நம் பணத்துக்குச் சுமார் 90 ஆயிரம் ரூபாய்! அவ்வளவு பணம் கொடுத்து வாங்கியதை அவர்களே நெருப்பில் எறிந்தார்கள்.

அதே மாதத்தில் இஸ்ரேல் நாட்டிலும் இதே காட்சி. ஜெருசலேம் நகரிலும், பினே பிராக் என்ற ஊரிலும் பொய் முடிகள் எரிந்தன.

ஏன் எரித்தார்கள்?

"அது திருப்பதி முடியாக இருக்கலாம்" என்ற சந்தேகம்தான் காரணம்!

ஏழுமலையானுக்குப் பக்தர்கள் கொடுத்த முடி, ஏழு கடல் தாண்டி, வேறு ஒரு மதத்துப் பெண்ணின் தலையில் ஏறியது எப்படி? பிறகு தீயில் விழுந்தது எப்படி?

இடையில் ஏலம் இருக்கிறது. தராசு இருக்கிறது. கோடிக்கணக்கான ரூபாய் இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறோம்.

கடன்பட்ட சாமி

முதலில் திருமலைக்குப் போவோம்.

சீனிவாசப் பெருமாள் பத்மாவதித் தாயாரை மணந்தபோது, கல்யாணச் செலவுக்குக் குபேரனிடம் கடன் வாங்கினார் என்பது புராணக் கதை. அந்தக் கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிறாராம். பக்தர்கள் உண்டியலில் போடும் பணம் அந்த வட்டிக்குத்தான் போகிறது என்று பாட்டிமார்கள் சொல்லுவார்கள்.

முடிக்கும் ஒரு கதை உண்டு.

ஒரு சமயம் இடையன் ஒருவனால் பெருமாளின் தலையில் அடிபட்டது. அந்த இடத்தில் முடி போய்விட்டது. அதைப் பார்த்த நீலாதேவி, தன் கூந்தலில் ஒரு பகுதியை அறுத்து அந்த இடத்தில் வைத்தாள்.

பெருமாள் மனம் உருகிவிட்டார். "இனி என் மலைக்கு வருகிறவர்கள் தரும் முடி உன்னைச் சேரட்டும்" என்று வரம் கொடுத்தார். ஏழு மலைகளில் ஒன்றான நீலாத்ரி, அவள் பெயரால் வந்தது என்கிறார்கள்.

பெண்ணுக்கு அழகு கூந்தல். அதையே கொடுத்துவிட்டால் கர்வம் போய்விடும். இதுதான் முடி காணிக்கையின் பொருள்.

குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாய் வேண்டிக்கொள்கிறாள். கணவனுக்கு ஆபரேஷன் என்றால் மனைவி வேண்டிக்கொள்கிறாள். "ஏழுமலையானே! பிழைக்க வைத்தால் என் முடியைத் தருகிறேன்" என்கிறாள்.

பிழைத்துவிட்டால் மலை ஏறுகிறாள்.

கல்யாண கட்டா

முடி இறக்கும் மண்டபத்துக்குக் "கல்யாண கட்டா" என்று பெயர். இரவு பகலாக அங்கே வேலை நடக்கிறது.

வரிசையில் நின்றால் ஒரு டோக்கனும், பிளேடும் கொடுப்பார்கள். காசு கிடையாது. நாவிதர் எதிரில் உட்கார்ந்து தலையைக் குனிய வேண்டும். பெண்களுக்குப் பெண் நாவிதர்களும் இருக்கிறார்கள்.

மொட்டை போட மனம் வராத பெண்கள் "பூமுடி" கொடுப்பார்கள். கத்தரிக்கோலால் மூன்று கத்தரிப்பு. அதோடு சரி.

முடி இறக்கியவர்கள் குளித்துவிட்டு, தலையில் சந்தனம் பூசிக்கொண்டு தரிசனத்துக்குப் போகிறார்கள். கீழே விழுந்த முடியைத் திரும்பிப் பார்க்கிறவர்கள் மிகவும் குறைவு.

திருமலையில் ஒவ்வொரு நாளும் ஒரு கணக்கு வெளியாகும். பத்திரிகைகளில் பார்த்திருப்பீர்கள். அதில் மூன்று எண்கள் முக்கியம். எத்தனை பேர் தரிசனம் செய்தார்கள்? எத்தனை பேர் முடி கொடுத்தார்கள்? உண்டியலில் எவ்வளவு விழுந்தது?

தரிசனம் செய்கிறவர்கள் சாதாரண நாளில் 60 ஆயிரம், 70 ஆயிரம் பேர். முடி கொடுக்கிறவர்கள் 20 ஆயிரத்துக்கும் மேல்.

20 ஆயிரம் தலை! ஒரே நாளில்!

அவ்வளவு முடியை என்ன செய்வது?

முடிக்கு ஏலம்

மண்டபத்தில் சேரும் முடியை அள்ளிக் கிடங்குக்குக் கொண்டு போகிறார்கள். அங்கே காய வைத்து, நீளவாரியாகப் பிரிக்கிறார்கள்.

மிக நீளமான முடி முதல் ரகம். அதற்குக் குறைந்தது இரண்டாவது ரகம். இப்படியே குறைந்துகொண்டு வரும். ஆண்கள், சிறுவர்கள் தலையில் இருந்து விழும் குட்டை முடி கடைசி ரகம். நரைத்த முடிக்குத் தனி மூட்டை.

விலையைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

சில ஏலங்களில் முதல் ரக முடி, கிலோ 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் போயிருக்கிறது. கடைசி ரகமோ கிலோ 50 ரூபாய்க்கும் கீழே!

கொடுத்த மனம் ஒன்றுதான். ஆனால் தராசுக்கு அது தெரியாது. அதற்கு நீளம்தான் தெரியும்.

முன்பெல்லாம் டெண்டர் போட்டு விற்றார்கள். 2011-ல் இன்டர்நெட் வழியாக ஏலம் விட ஆரம்பித்தார்கள். வெளிநாட்டில் இருப்பவரும் உட்கார்ந்த இடத்தில் இருந்தே விலை கேட்கலாம். போட்டி அதிகமானதால் வருமானம் கிடுகிடுவென்று ஏறியது.

2025-26-ஆம் ஆண்டுக்கு திருப்பதி தேவஸ்தானம் போட்ட பட்ஜெட் 5 ஆயிரத்து 258 கோடி ரூபாய். அதில் உண்டியல் மூலம் எதிர்பார்த்தது 1,729 கோடி. பாங்கியில் போட்ட பணத்துக்கு வட்டி 1,310 கோடி. முடி விற்பனையில் 176 கோடி.

கவனித்தீர்களா? புராணத்தில் பெருமாள் வட்டி கட்டுகிறார். கணக்குப் புத்தகத்தில் அவருக்கு வட்டி வருகிறது!

கூந்தலின் பயணம்

ஏலம் எடுத்த முடி எங்கே போகிறது?

இந்தியாவில் முடி வியாபாரத்துக்குப் பேர்போன ஊர்கள் இரண்டு. ஒன்று நம் சென்னை. இன்னொன்று ஆந்திராவில் உள்ள ஏலூர்.

அங்கே உள்ள தொழிற்சாலைகளில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். ஆணி அடித்த பலகையில் முடியை இழுத்து இழுத்துச் சிக்கு எடுக்கிறார்கள். பேன், ஈர் போகக் கழுவுகிறார்கள். ஒரே நீளமாகச் சேர்த்துக் கட்டுகிறார்கள்.

வியாபாரிகள் கோவில் முடியை விரும்புவதற்கு ஒரு காரணம் உண்டு.

வீட்டில் தலை வாரும்போது உதிரும் முடியைப் பெண்கள் உருட்டி எரவாணத்தில் செருகி வைப்பார்கள். பாத்திரக்காரன் வந்தால் அதைப் போட்டுக் கிண்ணமோ, டப்பாவோ வாங்குவார்கள். அதற்குச் "சிக்கு முடி" என்று பெயர். அதில் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கமாகத் தாறுமாறாக இருக்கும்.

கோவிலில் ஒரே வீச்சில் மழித்த நீண்ட கூந்தல் அப்படி அல்ல. அதைக் கொத்தாகக் கட்டி வைத்தால் வேர் எல்லாம் ஒரு பக்கம், நுனி எல்லாம் ஒரு பக்கம் இருக்கும். சிக்கு விழாது. இதை வெளிநாட்டில் "ரெமி" முடி என்பார்கள். அதற்குத்தான் கிராக்கி.

அங்கிருந்து இத்தாலிக்கும், சீனாவுக்கும், அமெரிக்காவுக்கும் முடி போகிறது. கறுப்பு நிறத்தை மருந்து போட்டுப் போக்குகிறார்கள். பிறகு பொன்னிறமோ, செம்பட்டையோ ஏற்றுகிறார்கள். இத்தாலியில் உள்ள "கிரேட் லெங்த்ஸ்" என்ற கம்பெனி, இந்தியக் கோவில் முடியை வாங்கித்தான் பேர் பெற்றது.

அமெரிக்காவில் உள்ள நீக்ரோ இன மக்கள் என்று முன்பு அழைக்கப்பட்ட கறுப்பினப் பெண்களிடையே நம் ஊர் முடிக்கு மிகுந்த மதிப்பு. கிறிஸ் ராக் என்ற அமெரிக்கச் சிரிப்பு நடிகர், இதைப் பற்றி 2009-ல் "குட் ஹேர்" என்று ஒரு படமே எடுத்தார். அதற்காக இந்தியாவுக்கு வந்து, கோவிலில் மொட்டை போடும் காட்சியையும் படம் பிடித்தார்.

இந்த வியாபாரத்தில் அரசியலும் உண்டு. 1965-ல் அமெரிக்கா, "கம்யூனிஸ்டு நாட்டு முடி வேண்டாம்" என்று சீன முடிக்குத் தடை போட்டது. முடிக்கு ஏது கட்சி? ஆனாலும் தடை போட்டார்கள். அதனால் மற்ற நாட்டு முடிக்கு மவுசு கூடியது. அதில் இந்தியாவுக்கும் பங்கு கிடைத்தது.

யூதப் பெண்கள்

இனி, தீ மூட்டிய கதைக்கு வருவோம்.

யூத மதத்தில் ஆசாரம் மிகுந்த குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமான பெண் தன் தலைமுடியை அயலார் பார்க்கும்படி விடக்கூடாது. மறைக்க வேண்டும்.

சிலர் துணியால் மூடிக்கொள்வார்கள். சிலர் தொப்பி போடுவார்கள். இன்னும் சிலர் தங்கள் முடி மேல் பொய் முடி வைத்துக்கொள்வார்கள். அதற்கு "ஷைட்டல்" என்று பெயர்.

அதாவது, தன் முடியை மறைக்க இன்னொருத்தியின் முடி!

இதனால் யூதர்கள் வாழும் இடங்களில் எல்லாம் பொய் முடிக் கடைகள் ஏராளம். கல்யாணப் பெண்ணுக்கு நம் ஊரில் நகை வாங்குவது போல, அங்கே "ஷைட்டல்" வாங்குவார்கள்.

அந்த முடி எங்கிருந்து வந்தது என்று வாங்குகிறவர்கள் அதிகம் கேட்டதில்லை.

குருவின் கேள்வி

ஜெருசலேம் நகரில் யோசெப் ஷாலோம் எல்யாஷிவ் என்ற யூத மத குரு இருந்தார். 2004-ல் அவருக்கு வயது 94. அவர் வார்த்தைக்கு உலகம் எங்கும் உள்ள ஆசார யூதர்கள் கட்டுப்பட்டார்கள். (அவர் 2012-ல் காலமானார்.)

அவர் முன் ஒரு கேள்வி வந்தது.

"இந்தியக் கோவிலில் எடுத்த முடியை நம் பெண்கள் வைத்துக்கொள்ளலாமா?"

யூத மதத்தில் விக்கிரக வழிபாடு கூடாது. விக்கிரகத்துக்குப் படைத்த பொருளால் ஒரு யூதர் எந்தப் பலனும் அடையக்கூடாது. உண்ணக்கூடாது. உடுத்தக்கூடாது. விற்றுக் காசாக்கவும் கூடாது. அழித்துவிட வேண்டும்.

ஆகவே, கேள்வி ஒன்றே ஒன்றுதான். திருப்பதியில் மழிக்கும் முடி, சாமிக்குப் படைத்த பொருளா? அல்லது வெறும் கழிவா?

நேரில் பார்த்துவர ஒருவரை அனுப்பினார்கள். லண்டனில் இருந்த அஹரோன் டன்னர் என்ற மத குரு திருப்பதிக்கு வந்தார். மண்டபத்தைப் பார்த்தார். பக்தர்களையும், நாவிதர்களையும் விசாரித்தார். "முடி கொடுப்பதையே இவர்கள் சாமிக்குச் செய்யும் வழிபாடாக நினைக்கிறார்கள்" என்ற கருத்தோடு திரும்பினார்.

தீர்ப்பு வந்தது. "இந்தியக் கோவில் முடி கூடாது!"

விற்கக்கூடாது என்பதால் வேறு யாருக்கும் தள்ளிவிட முடியவில்லை. அதனால்தான் தெருவில் தீ!

கடைகளில் குழப்பம். "இது இந்திய முடியா, ஐரோப்பிய முடியா?" என்று பெண்கள் விசாரித்தார்கள். நூலால் செய்த பொய் முடிக்கும், தலைத்துணிக்கும் கிராக்கி வந்தது.

ஆனால் எல்லா யூத குருமார்களும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. "முடியைச் சன்னதிக்குக் கொண்டு போவதில்லை. சாமி முன் வைப்பதும் இல்லை. தலையைச் சுத்தம் செய்துகொண்டு கோவிலுக்குள் போகிறார்கள். அவ்வளவுதான். எறிந்த முடி எப்படிப் படையல் ஆகும்?" என்று சிலர் வாதாடினார்கள்.

அந்த வாதம் பல ஆண்டுகள் நடந்தது.

எது சரி?

நம் வீட்டு விஷயத்தை எங்கோ ஜெருசலேமில் உட்கார்ந்து விவாதித்திருக்கிறார்கள்! வேடிக்கையாக இருக்கிறது அல்லவா?

ஆனால் சற்று யோசித்துப் பார்த்தால், கேள்வி நமக்கும் உரியதுதான்.

மண்டபத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் தாயைக் கேளுங்கள். "சாமிக்குக் கொடுத்தேன்" என்பாள். கழிவு என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். இடுப்பு வரை வளர்ந்த கூந்தலை எவளாவது கழிவு என்று நினைப்பாளா?

கிடங்கில் தராசு பிடிப்பவரைக் கேளுங்கள். "இரண்டாம் ரகம், இத்தனை கிலோ" என்பார்.

ஏலம் எடுத்தவரைக் கேளுங்கள். "சரக்கு" என்பார்.

ஒரே முடிதான். கை மாறும்போது பெயர் மாறுகிறது.

இந்த யூதர்களின் செய்கையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர்கள் நம் வழிபாட்டை ஏற்கவில்லை. ஆனால், அந்தத் தாய் மனப்பூர்வமாகத்தான் கொடுத்தாள் என்பதை நம்பினார்கள். நம்பியதால்தான் எரித்தார்கள். "சரக்குதானே!" என்று நினைத்திருந்தால் எரித்திருக்க மாட்டார்கள்.

நாவிதர் பாடு

இந்த வியாபாரத்தின் முதல் படியில் நிற்பவர் நாவிதர். அவர் கை படாமல் ஒரு கிலோ முடியும் ஏலத்துக்கு வராது.

பக்தர்களிடம் காசு வாங்கக்கூடாது என்பது அவருக்கு விதி. ஆனாலும், "பார்த்துக் கொடுங்க சாமி" என்று மெல்லிய குரலில் கேட்பது உண்டு. பிரார்த்தனை நல்லபடியாக முடிந்த சந்தோஷத்தில் பக்தர்களும் பத்தோ, இருபதோ கொடுப்பது உண்டு.

பணம் வாங்கினார்கள் என்ற புகாரின் பேரில், 2017-ல் 200-க்கும் மேற்பட்ட நாவிதர்களைத் தேவஸ்தானம் வேலையில் இருந்து நீக்கியது.

விதியை மீறியது தப்புதான். பணம் இல்லாத ஏழைப் பக்தர் மனம் வருந்தக்கூடாது அல்லவா? ஆனால், கோடிக்கணக்கில் விலைபோகும் பொருளை இறக்கித் தருகிறவர் பத்து ரூபாய்க்குக் கை நீட்டும் நிலை ஏன் வந்தது? அதையும் கேட்கத்தான் வேண்டும்.

பணம் என்ன ஆகிறது?

விற்ற பணம் வீணாகப் போகிறதா?

இல்லை. திருமலைக்குப் போனவர்களுக்குத் தெரியும். தினமும் பல்லாயிரம் பேருக்கு இலவசச் சாப்பாடு. 1985-ல் தொடங்கிய இந்த அன்னதானம் இன்றும் நடக்கிறது. தேவஸ்தானம் பள்ளிக்கூடங்களும், கல்லூரிகளும், ஆஸ்பத்திரிகளும் நடத்துகிறது. கை கால் ஊனமுற்றவர்களுக்கு என்று தனி ஆஸ்பத்திரியே இருக்கிறது. 1954-ல் திருப்பதியில் வெங்கடேசுவரா பல்கலைக்கழகம் ஏற்படவும் தேவஸ்தானம் உதவியது.

முடியை விற்காமல் புதைத்தால் யாருக்கு லாபம்? விற்றால் ஏழையின் இலையில் சோறு விழுகிறது. நோயாளிக்கு மருந்து கிடைக்கிறது. இது நல்ல காரியம்தான்.

ஆனால், கொடுத்தவளுக்கு இது தெரியுமா?

உண்டியலில் காசு போடுகிறவருக்கு, அது காசு என்று தெரியும். முடி கொடுக்கும் கிராமத்துப் பெண்கள் பலருக்கு, தங்கள் கூந்தலுக்கு ஒரு விலை உண்டு என்பதே தெரியாது. "உன் முடியை இப்படி விற்கிறோம். அந்தப் பணத்தில் இன்ன இன்ன செய்கிறோம்" என்று மண்டபத்துச் சுவரில், தமிழிலும் தெலுங்கிலும் பெரிய எழுத்தில் எழுதி வைத்தால் என்ன? படித்தால் அவள் வருத்தப்பட மாட்டாள். இன்னும் சந்தோஷப்படுவாள்.

நம் ஊர்க் கோவில்கள்

பழனி, திருத்தணி, சமயபுரம் என்று தமிழ்நாட்டிலும் முடி இறக்கும் கோவில்கள் பல இருக்கின்றன. அங்கும் முடியை விற்கிறார்கள்.

ஆனால், முடி கொடுக்க வந்த பக்தரே கட்டணச் சீட்டு வாங்க வேண்டும் என்று பல காலம் இருந்தது. பொருளையும் கொடுத்துப் பணமும் கொடுக்க வேண்டும்!

2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அதை மாற்றியது. அறநிலையத்துறைக் கோவில்களில் மொட்டை அடிக்கக் கட்டணம் இல்லை என்று அறிவித்தது. முடி இறக்கும் தொழிலாளர்களுக்கு மாதம் 5 ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை கொடுக்கவும் ஏற்பாடு செய்தது.

ஆகவே, நீங்கள் குடும்பத்தோடு முடி இறக்கப் போனால் இதை நினைவில் வையுங்கள். சீட்டு இலவசம். வெளியே நிற்கும் தரகரிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டாம். புதுப் பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள். குழந்தைகளுக்கு இது மிகவும் முக்கியம்.

மறுபடியும் வளரும்

மலையில் முடி இறக்கிவிட்டு, பிழைத்து எழுந்த குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு தாய் படி இறங்குகிறாள். தன் மொட்டைத் தலையைத் தடவிப் பார்க்கிறாள். குழந்தையும் தடவிப் பார்த்துச் சிரிக்கிறது.

அவள் கூந்தல் இத்தாலிக்குப் போகலாம். அமெரிக்காவுக்குப் போகலாம். யாரோ ஒரு பெண் அதைத் தலையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போகலாம்.

ஆறு மாதத்தில் அவள் தலையில் முடி மறுபடியும் வளர்ந்துவிடும். அவள் கேட்டது குழந்தையின் உயிரை. அது அவள் இடுப்பில் இருக்கிறது.

அவளுக்கு யாரும் பாக்கி இல்லை. ஆனால், அவள் முடியை விற்றவர்கள் அவளுக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டிய பாக்கி இருக்கிறது.